வக்து சரி, தராசு சரியா?

வக்து எனப்படும் தொழுகை நேரத்தைக் கணிப்பதற்காக மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை, அதாவது ஜாக்கிம், கெடா மாநிலத்தை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கூலிமும் பண்டார் பாருவும் சேர்ந்து ஒன்று. லங்காவி தனி. ஜெராய் மலைக்கும் ஒரு தனி வட்டாரம் உண்டு. உயரத்தில் நிற்பவனுக்குச் சூரியன் முந்தி உதிக்கும், பிந்தி மறையும் அல்லவா, அதற்காக. நான்காவது வட்டாரம் முழுக்கப் பாலிங் மாவட்டத்துக்கே உரியது. கைப்பேசியில் அந்த எண்ணைத் தட்டினால் கூப்பாங்கில் இருப்பவருக்கும் கோல கெட்டிலில் இருப்பவருக்கும் மஃரிப் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்று வந்துவிடுகிறது.

இந்தத் துல்லியம் தமிழ் முஸ்லிம்களான நம் பாட்டன்மாருக்குக் கிடைக்கவில்லை. கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தும் வந்து, பினாங்கில் கப்பலிறங்கி, தோட்டத்து முச்சந்தியில் கடை போட்டவர்கள் வாசல் கம்பத்தின் நிழலைப் பார்த்து அஸரைக் கணித்தார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. ஷாஃபி வழியில் வந்த மரைக்காயர், நிழல் ஒரு மடங்கு நீண்டதும் தொழுதுவிடுவார். ஹனஃபியான ராவுத்தர் இரு மடங்காகட்டும் என்று காத்திருப்பார். ஒரே கடையில் இரண்டு பங்காளிகளும் இரு வழியினர் என்றால் கல்லாப்பெட்டி ஆளில்லாமல் கிடக்கவே கிடக்காது. இன்று எல்லோருக்கும் ஒரே பாங்கு; தங்கள் குடும்பம் ஹனஃபி என்பதே தெரியாத பேரப்பிள்ளைகள் பலர்.

நேரம் மட்டுமா எளிதானது? கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் ஜும்ஆவுக்கு அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஓடும் பாடு இங்கே இல்லை. ஹலால் எது என்று பொட்டலத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை, முத்திரை இருக்கிறது. வட்டி கூடாதென்று பணத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைக்க வேண்டியதில்லை. 1983இல் தொடங்கிய பேங்க் இஸ்லாமுக்குப் பிறகு, ஏறக்குறைய எல்லா வங்கியிலும் இஸ்லாமியக் கணக்கு உண்டு. நகையை அடகு வைக்கவும் வட்டிக்குப் பதில் காப்புக் கூலி வாங்கும் அர்-ரஹ்னு இருக்கிறது.

ஹஜ்ஜின் கதை இவற்றில் ஆகச் சிறந்தது. கிராமத்து மலாய்க்காரர்கள் ஹஜ்ஜுக்காக மாட்டையும் நிலத்தையும் விற்று, திரும்பி வந்தபின் ஓட்டாண்டியாக நிற்பதைப் பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸ் கவனித்தார். வட்டியில்லாமல் சேமிக்க ஒரு வழி வேண்டும் என்று 1959இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1963இல் 1,281 பேரோடு தொடங்கிய அந்தச் சேமிப்புக் கழகம்தான் இன்றைய தாபோங் ஹாஜி. பால்மரம் சீவுகிறவரும் மாதம் பத்து வெள்ளி போட்டு மக்காவைக் கனவு காணலாம் என்றாக்கியது அது. நவீன உலகில் ஈமானோடு வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு இதைவிட உருப்படியான பதிலை வேறெந்த நாடும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆக, வணக்கத்துக்கு வேண்டிய வசதியெல்லாம் அரசு செய்து கொடுத்துவிட்டது. அரசால் செய்து கொடுக்க முடியாத ஒன்று மட்டும் அப்படியே நம் தலைமேல் இருக்கிறது: கொடுக்கல் வாங்கல். மார்க்க அறிஞர்கள் முஆமலாத் என்று தனிப் பகுதியாக எழுதி வைத்திருப்பது. நவீன உலகம் ஈமானைச் சோதிக்கிறது என்றதும் நமக்கு உடனே பிள்ளைகளின் கைப்பேசியும் மகளின் முக்காடும்தான் நினைவுக்கு வருகின்றன. பாலிங் மாதிரி ஊரில் சோதனை நடக்கும் இடம் கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் நடுவில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் 555 நோட்டு தெரிந்திருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் பெரிதாக 555 என்ற எண். மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். தோட்டத்துப் பக்கத்துக் கடையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு நோட்டு. பால் வெட்டிவிட்டு வந்த அம்மா அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று வாங்கிக்கொண்டு, "பாய், எழுதிக்கங்க" என்பார். தேதி, பொருள், தொகை. சம்பள நாளன்று ஒரு கோடு இழுத்து அடிக்கப்படும். பெரும்பாலும் பக்கம் முழுதும் அடிபடாது, மிச்சம் அடுத்த பக்கத்தின் தலைக்கு ஏறும். கடன் சொல்லும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். மூன்று வெள்ளி இருபது காசு என்று சொன்னதை நான்கு வெள்ளி இருபது காசு என்று எழுதினால் கேட்பாரில்லை. கேட்க ஆளில்லாத அந்த ஒரு வெள்ளியில்தான் கடைக்காரரின் தீன் இருந்தது.

இது என் மிகைப்பேச்சன்று. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் தொழுகையையோ நோன்பையோ சொல்பவர்கள்தான் அதிகம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமான அது, கடனை எப்படி எழுதி வைப்பது என்பது பற்றியது. தவணை குறித்து எழுதுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், கடன்பட்டவர் சொல்லச் சொல்ல எழுதட்டும், அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருக்குப் பொறுப்பானவர் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சிறு தொகையாயிற்றே என்று சோம்பாதீர்கள் என்று அது விவரித்துக்கொண்டே போகிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுங்கள், விட்டுக்கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்றிருக்கிறது. சொல்லச் சொல்ல எழுதுவது, சிறு தொகையையும் விடாதது, பொறுப்பது. 555 நோட்டுக்கென்றே இறங்கிய சட்டம் போல இருக்கிறது.

அந்தச் சட்டத்தின்படி நடந்த கடைக்காரர்கள் இருந்தார்கள். நடக்காதவர்களும் இருந்தார்கள். தோட்டத்து மக்களின் நினைவில் இரண்டு வகை பாய்களும் உண்டு; இரண்டாம் வகையினர் ஐந்து வேளையும் தொழுதார்கள் என்பதையும் அம்மக்கள் மறக்கவில்லை.

ரப்பர் தராசுக்கு வருவோம். பாலிங் மாவட்டத்தில் சிறுதோட்டக்காரர்கள் இன்று பெரும்பாலும் விற்பது மங்கிலேயே உறைந்த கட்டிப்பால். அதில் ஏறத்தாழ பாதிதான் உலர்ந்த ரப்பர் என்பது கணக்கு, மிச்சம் தண்ணீர். தண்ணீர் எவ்வளவு என்பதில்தான் இரு பக்கத்துத் தந்திரமும். விற்கிறவர் சிலர் முதல்நாள் இரவு கட்டியை நனைத்து வைப்பார்கள், மரப்பட்டையையும் மண்ணையும் உறையும் பாலுக்குள் சேர்ப்பார்கள். ஃபார்மிக் அமிலம் போடச் சொன்னால் மலிவான கந்தக அமிலத்தை ஊற்றுவார்கள். வாங்குகிறவர் சிலர் கட்டியைக் கையால் அமுக்கிப் பார்த்து, இத்தனை விழுக்காடு ஈரம் என்று வாய்க்கு வந்ததைக் கழிப்பார்கள். ஒருவர் ஏமாற்றுவார் என்றே மற்றவர் முன்கூட்டி ஏமாற்றுவதால், நேர்மையாக உலர்த்திக் கொண்டு வருகிறவருக்கும் அதே கழிவுதான் விழும்.

மதீனாச் சந்தையில் நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட நிகழ்ச்சியை ஜும்ஆ மேடையில் கேட்டிருப்போம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல் நனைந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவரில்லை என்றார்கள். ஈரத்தை மறைத்து எடையைக் கூட்டுவது என்ற அந்த மோசடி 1,400 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மாற்றமும் இல்லாமல் கட்டிப்பால் மூட்டையில் குடியிருக்கிறது. அளவில் குறைப்போரைக் கண்டிக்க 83ஆவது அத்தியாயம் என்று குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டு. பாலிங்கில் ரப்பர் வாங்குகிறவரிலும் விற்கிறவரிலும் முஸ்லிம்கள் நிறைய. ஈரப்பதத்தைப் பற்றி ஒரு குத்பா கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கேட்க முடியாததற்குக் காரணமும் உண்டு. ஜும்ஆ உரை மாநிலச் சமய இலாகாவிலிருந்து எழுதி வருகிறது. ஒழுங்குக்கு நல்லதுதான், மேடையில் ஏறியவர் வாய்க்கு வந்ததைப் பேசுவதை அது தடுக்கிறது. ஆனால் அலோர் ஸ்டாரில் எழுதிய உரைக்குக் கோல கெட்டில் தராசு தெரியாது. முன்பு பினாங்கிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ வரும் ஆலிம் தமிழில் பயான் செய்யும்போது, கடைக்காரர்களைப் பெயர் சொல்லாமல் ஆனால் எல்லோருக்கும் புரியும்படி ஒரு பிடி பிடிப்பார். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா போன்ற சில பள்ளிவாசல்களில் தமிழ் உரை இன்னும் இருக்கிறது. சிறு ஊர்களில் அந்தத் தமிழ் போய்விட்டது, அதோடு அந்தத் திட்டும் போய்விட்டது.

பாலிங்கை உலகம் அறிந்தது 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில், துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பேசியபோது. ஆனால் நம் கேள்விக்குப் பொருத்தமான ஆண்டு 1974. ரப்பர் விலை விழுந்தது, எண்ணெய் நெருக்கடியால் அரிசி விலை ஏறியது. நவம்பரில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் பாலிங் வீதிக்கு வந்தார்கள். பட்டினிச் சாவு என்ற செய்தி பரவியது, அரசு மறுத்தது. டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அபிம் என்ற முஸ்லிம் இளைஞர் இயக்கத்தின் தலைவராயிருந்த அன்வார் இப்ராஹிம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறக்குறைய இரண்டாண்டு கமுந்திங் முகாமில் வைக்கப்பட்டார். 2022இல் அவர் பிரதமரானார் என்பது வேறு கதை.

அன்வாரின் பிற்கால அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்திருந்தாலும் இருக்கட்டும். தஃவா இயக்கம் என்றால் தொப்பி, முக்காடு, தாடி என்று பேசப்பட்ட அந்தக் காலத்தில், ஒரு தஃவா இளைஞர் ரப்பர் விலைக்காகச் சிறை போனார் என்பதைப் பாலிங் முஸ்லிம்கள் மறந்துவிட்டோம் என்பதே என் வருத்தம். அந்த ஆண்டிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது உடையைத்தான். கட்டிப்பாலின் விலையை எடுத்துக்கொள்ளவில்லை. இன்று விலை விழுந்தால் அரசின் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை கொஞ்சம் கை கொடுக்கிறது. அதற்கு உரிமமும் விற்பனைச் சீட்டும் வேண்டும். பிறர் நிலத்தில் பாதிக்குப் பாதி வெட்டுகிறவரின் பங்கை நிலக்காரர் ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிறாரா என்பதை எந்த அதிகாரியும் கூடவே நின்று பார்க்க முடியாது.

இனி, பலருக்குக் கசக்கும் இடம். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடம்பெயர்ந்தபின் முச்சந்தி மளிகைக் கடைகள் மங்கின. தமிழ் முஸ்லிம் வியாபாரத்தின் இன்றைய முகம் உணவகம். இருபத்து நான்கு மணி நேரமும் ரொட்டி சானாய் கல் சூடாக இருக்கும். கல்லுக்கு முன்னால் நிற்கும் பையன் தமிழ்நாட்டிலிருந்து ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்தவன். சுவரில் ஆயத்துல் குர்ஸி, பக்கத்தில் ஹலால் சான்றிதழ், கல்லாவுக்குக் கீழே பூட்டிய இழுப்பறையில் ஏழெட்டுக் கடப்பிதழ்கள். பாதுகாப்புக்குத்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள். 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி பிறர் கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். அதைவிட, மார்க்கப்படி அது அமானத்தா, பிணையா? பையன் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தால் அமானத். கேட்கப் பயப்படுகிறான் என்றால் அதற்கு வேறு பெயர்.

எல்லாக் கடைகளும் இப்படியில்லை. ஊழியரைத் தம் பிள்ளைபோல் வைத்து, ஊரில் அவன் தங்கை கல்யாணத்துக்கு நகை வாங்கிக் கொடுத்த முதலாளிகளும் உண்டு. ஆள் கிடைக்காத நெருக்கடியும் வாடகையும் மூலப்பொருள் விலையும் முதலாளிகளைப் பிழிவதும் உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டிலிருந்து சிறு கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேர வேலை. உழைத்தவரின் வியர்வை உலரும்முன் கூலி கொடுங்கள் என்ற நபிமொழியை நாக்கில் வைத்திருக்கும் சமுதாயம், தொழிலாளர் இலாகா வந்து சொல்லும்வரை இதற்குக் காத்திருக்கலாமா? முதலாளி ஜும்ஆவுக்குப் போயிருக்கும் அந்த ஒரு மணி நேரம் கல்லுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஹலால் சான்றிதழ் சாப்பாட்டைப் பார்க்கிறது. சமைத்தவனின் சம்பளச் சீட்டைப் பார்ப்பது அதன் வேலையில்லை. அந்தச் சாப்பாட்டிலும்கூட முத்திரையை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதை 2020 டிசம்பரில் ஜொகூரில் பார்த்தோம். இறக்குமதியான உறைந்த இறைச்சிக்குப் போலி ஹலால் முத்திரை குத்தி விற்ற விவகாரம் வெளிவந்து நாடே அதிர்ந்தது. மேலே பாராட்டிய தாபோங் ஹாஜியும் தப்பவில்லை. சொத்தைவிடப் பொறுப்பு மிஞ்சிவிட்டது என்று 2018இல் அறிவிக்கப்பட்டு, அதன் சொத்துகளில் ஒரு பகுதியைத் தனி நிறுவனத்துக்கு மாற்றிக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. ஹஜ் பணம் என்ற பெயர் கணக்குப் புத்தகத்தைத் தானாகச் சுத்தப்படுத்திவிடாது.

வணக்கம்தானே அடிப்படை, அதில் குறையிருக்கும்போது வியாபாரத்தைப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முஃப்லிஸ் யார் என்று நபிகள் நாயகம் தோழர்களிடம் கேட்டார்களே, அதை அவர்களுக்கு நினைவூட்டலாம். கையில் காசில்லாதவர் என்றார்கள் தோழர்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமையில் வந்து நிற்பார் ஒருவர், ஆனால் இவரை ஏசியிருப்பார், அவர் பொருளைத் தின்றிருப்பார், எனவே வந்து நின்றவரின் நன்மைகளெல்லாம் அந்த மற்றவர்களுக்குப் பங்கு போய்விடும், அவரே திவாலானவர் என்பது நபிகள் தந்த விளக்கம். தொழாதவருக்குச் சொன்னதில்லை அது, தொழுதவருக்குச் சொன்னது. பங்கு கேட்டு வருபவர்களின் வரிசையில் 555 நோட்டில் கணக்குக் கூடிப்போன தோட்டத்து அம்மாவும் நிற்கலாம். அவர் காளி கோயிலுக்குத் தீமிதிக்கப் போனவர் என்பதால் அவருடைய ஹக்கு, அதாவது உரிமை, குறைந்துவிடாது.

நோட்டும் இப்போது கைப்பேசிக்குள் போய்விட்டது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்கின்றன செயலிகள். பாய் மாதிரி முகம் பார்த்துத் தவணை தள்ளிவைக்க அவற்றுக்குத் தெரியாது, தாமதத்துக்குக் கட்டணம் மட்டும் தெரியும். பெருநாள் உடுப்பை இப்படிக் கடனில் எடுத்துவிட்டு ஷவ்வால் முழுதும் தவணை கட்டும் பிள்ளைகளிடம், வட்டி ஹராம் என்பதோடு நிறுத்தாமல், ஷஹீதானவருக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்பதையும் உட்கார வைத்துச் சொல்லலாம்.

கொடுக்கல் வாங்கலில் எப்போதும் இரண்டு தரப்பு இருக்கும் என்று நினைக்கிறோம். மூன்றாவது தரப்பும் உண்டு என்று 2022 ஜூலை 4ஆம் தேதி கூப்பாங் காட்டியது. குனோங் இனாஸ் மலைப்பக்கமிருந்து திடீர் வெள்ளம் சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கி வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. மூவர் இறந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு நாள் முன்பு. தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு திரண்டார்கள், பல ஊர்களிலிருந்தும் அரிசியும் உடுப்பும் வந்தன. ஸதகாவில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. மலையில் டுரியான் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்டதுதான் காரணமா, வெறும் பேய்மழையா என்று நெடுநாள் சர்ச்சை நடந்தது.

அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஆனால் பழைய ஃபிக்ஹு நூல்களில் ஹரீம் என்றொரு பகுதி இருக்கிறது. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் சுற்றிலும் இத்தனை தூரம் யாரும் உழவோ கட்டவோ கூடாது, அது எல்லோருக்கும் பொது என்ற ஒதுக்கீடு. மலைமேல் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது விடுகிறவர் கையெழுத்திடுகிறார், எடுக்கிறவர் கையெழுத்திடுகிறார். ஆற்றோரத்தில் இருபது ஆண்டாகக் குடியிருக்கும் குடும்பம் எந்தத் தாளிலும் கையெழுத்திடவில்லை. இஸ்லாமிய வங்கிகளில் ஷரீஆ குழு உட்கார்ந்து ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் வரி வரியாகப் பார்க்கிறது. கெடாவில் அடுத்த மலைக்குத்தகை மேசைக்கு வரும்போது, ஹரீம் பகுதியைப் படித்த ஓர் ஆலிமை அந்த மேசையில் உட்கார வைக்க வேண்டும். கூப்பாங் ஆற்றங்கரைக்காரர் ஒருவருக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும்.